'சும்மா' கொடுத்தாலும் ஆள் பார்த்துத்தான் கொடுக்கணும்! கைவிடப்படும் பெரிய நாய்களால் யாருக்கு ஆபத்து?

சென்னை,

குட்டியாக இருக்கும்போது ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து ஆசையாக வாங்குகிறார்கள். வளர்ந்த பிறகு, "காசே வேண்டாம், யாராவது எடுத்துக்கிட்டு போனா போதும்" என்கிறார்கள். ராட்வீலர், பிட்புல், ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேட் டேன் போன்ற பெரிய நாய்கள் பலவற்றின் கதை இதுதான்.

நாய் கைமாறுவதில் தப்பு இல்லை. அது யார் கைக்குப் போகிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

கடிபட்டது யார்?

2024-ம் ஆண்டு மே மாதம் சென்னை ஆயிரம்விளக்கு பகுதியில் உள்ள மாநகராட்சி பூங்காவில் 2 ராட்வீலர் நாய்கள் 5 வயது சிறுமியை கடித்துக் குதறின. அந்தச் சிறுமி, பூங்கா காவலாளியின் மகள். நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் கடித்ததில் 55 வயது ஆண் ஒருவர் பரிதாபமாக இறந்தார். இரண்டு சம்பவங்களும் பெரும் பரபரப்பை ஏற்படுத்தின.

இரண்டிலும் நாயை வளர்த்தது ஒருவர், கடிபட்டது வேறு ஒருவர். பெரிய நாய் தப்பான ஆளிடம் போனால் முதலில் மாட்டுவது வாசலில் நிற்கும் வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வரும் பெண், பால்காரர், கியாஸ் சிலிண்டர் கொண்டு வருபவர், தெருவில் விளையாடும் பிள்ளைகள். எனவே இது நாய் பிரியர்கள் மட்டும் பேசி முடிக்கும் விஷயம் அல்ல.

ஏன் கைவிடுகிறார்கள்?

பல வீடுகளில் காரணம் நாய் அல்ல, கணக்கு. ஆண் ராட்வீலர் வளர்ந்தால் 50 கிலோவை தாண்டும். தீனிக்கே மாதம் பல ஆயிரம் ரூபாய் ஆகும். மருந்தும் மயக்க ஊசியும் எடையை வைத்துத்தான் கொடுக்கப்படுகின்றன. அதனால் சின்ன நாயைவிட வைத்தியச் செலவும் கூடுதல்.

அடுத்தது வாடகை வீடு. வீடு மாறும்போது "நாய் இருந்தா வேண்டாம்" என்று புது வீட்டுக்காரர் சொல்லிவிடுகிறார். இன்னும் சிலர் வெளியூர் வேலை, பிரசவம், வயதானவர்களின் உடல்நிலை என்று சொல்லி நாயை இறக்கிவிடுகிறார்கள். சிலர் இருட்டிய பிறகு ஏதாவது ஒரு சாலையில் விட்டுவிட்டு போய்விடுகிறார்கள்.

தெருவில் விடப்பட்ட வீட்டு நாய்க்கு இரை தேடத் தெரியாது. அந்த ஏரியா தெருநாய்கள் அதை சேர்க்காது. பசியும் பயமும் சேர்ந்த 50 கிலோ நாய் யாரை வேண்டுமானாலும் கடிக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பட்டினி கிடந்து தவிக்கும்படி பிராணியை கைவிடுவது 1960-ம் ஆண்டு பிராணிகள் வதை தடுப்பு சட்டப்படி குற்றம். ஆனால் முதல் தடவை பிடிபட்டால் அந்தச் சட்டத்தில் எழுதப்பட்ட அபராதம் 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரைதான். ஒரு வேளை நாய்த் தீனி செலவுக்குக்கூட அது காணாது.

நாயை அலட்சியமாக வைத்திருந்து அதனால் மனிதர்களுக்கு ஆபத்து என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவு பாயும். 6 மாதம் வரை ஜெயில், 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

சென்னையில் மூடிய கதவு

ராட்வீலர், பிட்புல் உள்பட 23 இன நாய்களுக்கு தடை விதிக்கும்படி 2024-ம் ஆண்டு மார்ச் மாதம் மத்திய அரசு மாநிலங்களுக்கு சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களிடம் கருத்து கேட்கவில்லை என்று கூறி அடுத்த மாதமே கர்நாடக ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது.

அதன் பிறகு சென்னை மாநகராட்சி தனியாக முடிவு எடுத்தது. பிட்புல், ராட்வீலர் நாய்களுக்கு 2025-ம் ஆண்டு டிசம்பர் 20-ந்தேதி முதல் புதிதாக லைசென்சு கிடையாது. மீறி வளர்த்தால் 1 லட்சம் ரூபாய் அபராதம் என்று அறிவிக்கப்பட்டது. ஏற்கனவே வைத்திருப்பவர்கள் வெளியே கூட்டி வரும்போது கழுத்தில் கயிறும் வாயில் மூடியும் கட்டாயம்.

மக்கள் பாதுகாப்புக்கு இது தேவைதான். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கைவிடப்பட்ட ராட்வீலர் நாய் ஒன்றை மீட்டால், அதற்கு சென்னைக்குள் புது வீடு தேட வழி இல்லாமல் போகிறது. ஒன்று, காப்பகத்திலேயே சாகும்வரை கிடக்க வேண்டும். இல்லை என்றால் வெளி மாவட்டத்துக்கு போக வேண்டும்.

தோட்டக் காவல் என்ற பொறி

அப்போது பலரின் நினைவுக்கு வருவது செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சீபுரம் பக்கத்து தோட்டங்களும் பண்ணை வீடுகளும்தான். "இடம் நிறைய இருக்கு, காவலுக்கு ஆச்சு" என்று கேட்பவரிடம் உடனே கொடுத்துவிட ஆசை வரும்.

இடம் மட்டும் போதாது. பகல் முழுக்க சங்கிலியில் கட்டி, ஒருவேளை சோறு வைத்து, மனித வாசமே இல்லாமல் வளர்க்கப்படும் நாய்க்கு மூர்க்கம் கூடும். என்றைக்காவது சங்கிலி அறுந்தால் பக்கத்து வயலில் வேலை செய்பவர்கள் கதி என்ன? சென்னையின் ஆபத்தை கிராமத்துக்கு அனுப்பி வைத்தது போல ஆகிவிடும்.

யாருக்கு கொடுக்கலாம்?

முதலில் போன் செய்தவருக்கே நாய் என்பது தப்பான முறை. கேட்பவரின் வீட்டுக்கு நேரில் போய் பார்க்க வேண்டும். சுற்றுச்சுவர், கேட் உயரமாக இருக்கிறதா? பகலில் வீட்டில் பெரியவர் யாராவது இருப்பார்களா? சின்னக் குழந்தைகள் உண்டா? சொந்த வீடா, வாடகையா? வாடகை என்றால் வீட்டுக்காரரின் சம்மதம் எங்கே? இதற்கு முன்பு பெரிய நாய் வளர்த்த அனுபவம் உண்டா? நாய் இழுத்தால் பிடித்து நிறுத்த உடம்பில் தெம்பு இருக்கிறதா?

வீட்டில் உள்ள எல்லோருக்கும் சம்மதமா என்பதும் முக்கியம். மகன் ஆசைப்பட்டு வாங்கி, பயப்படும் அம்மா தலையில் கட்டும் வீடுகளுக்கு பெரிய நாய் ஒத்துவராது. நம்ம ஊர் ராஜபாளையம் நாய்க்கும் இது பொருந்தும். ஓட இடமும், ஒரே எஜமானரின் பழக்கமும் அதற்கு வேண்டும். பிளாட் வாழ்க்கைக்கு அது சரிப்படாது.

கொடுப்பவருக்கும் பொறுப்பு உண்டு. நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்த பிறகே கொடுக்க வேண்டும். கருத்தடை செய்யாத நாயை "சும்மா" வாங்கி குட்டி போட வைத்து விற்கும் ஆட்களும் வருவார்கள். முன்பு யாரையாவது கடித்திருந்தால் அதை மறைக்கவே கூடாது. மறைத்துக் கொடுப்பது அடுத்த வீட்டுப் பிள்ளையின் உயிரோடு விளையாடுவது.

3 நாள், 3 வாரம், 3 மாதம்

புது வீட்டுக்கு வந்த நாய் முதல் 3 நாள் மிரண்டு கிடக்கும். 3 வாரத்தில் வீட்டு பழக்கம் புரியும். முழுசாக ஒட்டிக்கொள்ள 3 மாதம் ஆகும் என்பது நாய் வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் பொதுவான கணக்கு. முதல் வாரத்திலேயே சொந்தக்காரர்களை கூப்பிட்டு நாயை காட்டுவதும், குழந்தையை கட்டிப்பிடிக்க விடுவதும் வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

ஒத்துவரவில்லை என்றால் நாயை தெருவில் விடாமல் கொடுத்தவரிடமே திருப்பி ஒப்படைப்பேன் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. லைசென்சு தேவைப்படும் ஊரில் அதை புது உரிமையாளர் பெயரில் எடுக்க வேண்டும். நாளைக்கு ஏதாவது நடந்தால் நாய் யாருடையது என்ற கேள்வி வரும்.

அடுத்து என்ன?

தடை போட்டால் புதுசாக வருவது குறையும். ஆனால் ஏற்கனவே வீடுகளில் இருக்கும் பெரிய நாய்கள் 8, 10 வருடம் உயிரோடு இருக்கும். அவற்றை வளர்க்க முடியாதவர்கள் பயப்படாமல் கொண்டு வந்து ஒப்படைக்க ஒரு இடமும், அங்கிருந்து தகுதியான ஆளுக்கு மட்டும் கொடுக்க ஒரு முறையும் வேண்டும். அதை மாநகராட்சியும் கால்நடைத் துறையும் செய்யாவிட்டால், அந்த நாய்கள் இருட்டில் ரோட்டுக்குத்தான் வரும்.

அந்த ரோட்டில் விடியற்காலையில் நடந்து வேலைக்கு போகிறவர்கள் ஏழை, எளிய மக்கள்தான்.