நிலமும் சட்டமும்: தீர்ப்புக்கு முன்பா, பின்பா?

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி 14 ஆண்டுகள் ஆகின்றன. ஒரு வருடத்துக்கு மேலாகத் தனித்தனியாக இருக்கிறோம். இருவரும் சம்மதித்து கோவை குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போட்டிருக்கிறோம். ஜீவனாம்சமாகக் கொடுக்க அவரிடம் ரொக்கம் இல்லை. அதற்குப் பதில், அவர் பெயரில் கிரயம் வாங்கிய 1 ஏக்கர் 20 சென்ட் தோட்டத்தை எனக்கு எழுதித் தர ஒப்புக்கொண்டார். ஆனால், ‘தீர்ப்பு வரட்டும், பத்திரத்தை அப்புறம் போட்டுக்கலாம்’ என்கிறார். என் அண்ணனோ, ‘கோர்ட் ஆர்டரே போதும், பத்திரச் செலவே வராது’ என்கிறார். யார் சொல்வது சரி?

– வாசகி, சூலூர் வட்டம்

பதில்: சகோதரி, இரண்டு பேர் சொல்வதையும் நம்பி இருந்துவிடாதீர்கள். உங்கள் விஷயத்தில் பத்திரச் செலவை முடிவுசெய்யப் போவது பத்திரம் பதிவாகும் தேதிதான். தீர்ப்புக்கு முந்தைய நாள் ஒரு கணக்கு, மறுநாள் வேறு கணக்கு.

நம் மாநிலத்தில் குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதப்படும் தான செட்டில்மென்ட் பத்திரத்துக்குச் சலுகை உண்டு. முத்திரைத் தீர்வை, சந்தை மதிப்பில் 1 சதவிகிதம். எவ்வளவு பெரிய சொத்தாக இருந்தாலும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணமும் 1 சதவிகிதம்; அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலை 10 முதல் இந்த உச்சவரம்புகள் நடைமுறையில் உள்ளன. அதற்கு முன்பு 25,000, 4,000 என்று இருந்தன.

‘குடும்பம்’ என்பதில் யார் யார் அடக்கம் என்று சட்டமே சொல்கிறது. அந்தப் பட்டியலில் கணவன், மனைவி உண்டு. முன்னாள் கணவன், முன்னாள் மனைவி இல்லை. எத்தனை வருடம் தனியாக வாழ்ந்தாலும், தீர்ப்பு வரும் நாள் வரை சட்டப்படி நீங்கள் அவருடைய மனைவிதான். தீர்ப்பு வந்துவிட்டால் பத்திர அலுவலகத்தைப் பொறுத்தவரை இருவரும் அந்நியர்கள். அப்போது கிரயத்துக்கு உள்ளதுபோல 7 சதவிகித முத்திரைத் தீர்வையும் 2 சதவிகிதப் பதிவுக் கட்டணமும் கட்ட வேண்டும்.

தோட்டத்தின் வழிகாட்டி மதிப்பு 30 லட்சம் ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தீர்ப்புக்கு முன் எழுதினால் முத்திரைத் தீர்வை 30,000, பதிவுக் கட்டணம் 10,000. ஆக 40,000 ரூபாய். தீர்ப்புக்குப் பின் எழுதினால் 2,70,000 ரூபாய். வித்தியாசம் 2,30,000 ரூபாய். கட்டண விகிதங்கள் அவ்வப்போது மாறும். பதிவுக்குப் போகும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கோர்ட் ஆர்டர் மட்டும் போதாதா?

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால், எல்லா சமரசத் தீர்ப்புக்கும் அது பொருந்தாது. ஏற்கெனவே ஒருவருக்கு இருந்த உரிமையைத் தீர்ப்பு உறுதிசெய்தால் பதிவு தேவையில்லை. இல்லாத உரிமையைச் சமரசத்தின் மூலம் புதிதாகக் கொடுத்தால் பதிவு தேவை என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் ஒரு நில வழக்கு, 2013-ல் லோக் அதாலத்தில் சமரசமாக முடிந்தது. அந்தத் தீர்ப்பைக் காட்டி வருவாய்த்துறைப் பதிவேட்டில் பெயர் மாற்றப் போனவரிடம், 6,67,500 ரூபாய் முத்திரைத் தீர்வை கேட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 டிசம்பர் 20 அன்றுதான் ‘கட்ட வேண்டியதில்லை’ என்ற தீர்ப்பை அவர் வாங்கினார். அந்த நிலத்தில் அவருக்கு முன்பே உரிமை இருந்தது என்பதுதான் அதற்குக் காரணம். ஆனாலும், 11 வருடங்கள் ஓடிவிட்டன.

உங்கள் தோட்டம் கணவர் பெயரில் மட்டும் இருக்கிறது. அதில் உங்களுக்கு முன் உரிமை இருப்பதாகச் சொல்ல வழியில்லை. எனவே, ஆர்டரை மட்டும் நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் விவாகரத்து உத்தரவுப்படி கைமாறும் வீட்டுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது. நம் சட்டத்தில் விவாகரத்துக்கென்று அப்படித் தனி விலக்கு இல்லை. நாம்தான் தேதி பார்த்து நடந்துகொள்ள வேண்டும்.

அவருடைய பயமும் நியாயமே

‘முன்னாடியே எழுதிக் கொடுத்துவிட்டு, அப்புறம் சம்மதத்தை வாபஸ் வாங்கிவிட்டால்?’ என்று உங்கள் கணவர் யோசிக்கலாம். பரஸ்பர சம்மத வழக்கில் தீர்ப்பு வரும் வரை யாரும் பின்வாங்கலாம். செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தவரோ, அதைத் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. அதனால், இருவரையும் காப்பாற்றும் வழியில் செய்யுங்கள். நிலத்தின் சர்வே எண், பரப்பு, நான்கெல்லை, பதிவுச் செலவு யாருடையது என்பதையெல்லாம் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட சமரசக் குறிப்பாக வழக்கில் தாக்கல் செய்யுங்கள். கடைசி விசாரணைக்குச் சில நாட்கள் முன்பு பத்திரத்தைப் பதிவுசெய்து, அதன் நகலை அன்றே நீதிமன்றத்தில் கொடுத்துவிடுங்கள்.

முதல் மனுவுக்கும் இறுதி விசாரணைக்கும் இடையே 6 மாத அவகாசம் உண்டு. பாக்கிகள் எல்லாம் தீர்ந்துவிட்டால் அந்த அவகாசத்தைத் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பதிவான பத்திரம் கையில் இருந்தால் அப்படிக் கேட்பதற்கும் வசதி.

பத்திரத்தில் விட்டுவிடக் கூடாதவை

கிரயம் வாங்கிய சொத்து என்கிறீர்கள்; நல்லது. பூர்வீகச் சொத்தாக இருந்து பங்காளிகளுடன் பாகம் பிரியாமல் இருந்தால், பிரச்னை பிறகு வந்து நிற்கும். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ அடமானம் இருந்தால், அதை யார் அடைப்பது என்று முதலில் முடிவுசெய்யுங்கள்.

நம் பக்கத்தில் வெறும் நிலத்தை மட்டும் எழுதி வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. கிணற்றில் பங்கு எவ்வளவு, தண்ணீர் முறை எத்தனை நாள், பம்ப்செட், இலவச மின் இணைப்பு யாருக்கு, வண்டித் தடம் எந்த வழி, எத்தனை அடி அகலம் என்று ஒவ்வொன்றும் பத்திரத்தில் வர வேண்டும். கிணறும் தடமும் இல்லாத தோட்டம் காடாகத்தான் கிடக்கும். பத்திரத்தில் எங்காவது ‘இவ்வளவு பணம் பெற்றுக்கொண்டு’ என்று எழுத்தர் எழுதிவிட்டால் அது கிரயமாகிவிடும், கவனம். பதிவு முடிந்ததும் பட்டா மாறுதலுக்கும், தேவைப்பட்டால் உட்பிரிவுக்கும் மனு கொடுத்துவிடுங்கள்.

வருமான வரி

கணவர் மனைவிக்குக் கொடுக்கும் சொத்துக்கு, வாங்குபவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. இந்த விலக்கும் உறவு நீடிக்கும் வரைதான். பின்னாளில் நீங்கள் நிலத்தை விற்றால், கிராமப்புற விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால், 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள கோவை போன்ற மாநகராட்சியின் எல்லையிலிருந்து நேர்க்கோட்டில் 8 கிலோமீட்டருக்குள் இருந்தால் அது கிராமப்புற நிலமாகாது. சூலூர் வட்டத்தில் பல ஊர்கள் இந்தத் தூரத்துக்குள் வரும். அப்போது உங்கள் கணவர் வாங்கிய விலையைத்தான் அசல் விலையாக எடுத்துக்கொள்வார்கள். எனவே, அவருடைய கிரயப் பத்திரத்தை, தாய்ப் பத்திரத்துடன் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே தீர்ப்பு வந்துவிட்டவர்களுக்கு

தம்பதி பிரிந்தாலும் பிள்ளைகளுக்கு அவர் அப்பாதான். மகனுக்கோ மகளுக்கோ அவர் செட்டில்மென்ட் எழுதினால், குடும்பச் சலுகை அப்படியே கிடைக்கும். ஆனால், அந்த நிலம் பிள்ளையுடையது, உங்களுடையது அல்ல. பிள்ளை மைனராக இருந்தால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் அதை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. வயிற்றுப்பாட்டுக்கு அந்த நிலத்தை நம்பியிருக்கும் தாய்மார்கள் இதை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வக்கீல் செலவுக்குத் தயங்க வேண்டாம், சகோதரி. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இந்த வாரமே உங்கள் வழக்கின் அடுத்த வாய்தா என்றைக்கு என்று பார்த்து, அதற்கு முன்பு பத்திரப் பதிவுக்கு ஒரு நாளைக் குறித்துவிடுங்கள்.

(வாசகர்கள் கேள்வி அனுப்பும்போது பத்திர நகலை இணைக்க வேண்டாம். சொத்து பூர்வீகமா, கிரயமா, யார் பெயரில் பட்டா இருக்கிறது, வழக்கு எந்த நிலையில் உள்ளது என்று எழுதினால் போதும். பெயர் வெளியிடப்படாது.)