நெஞ்சு கரிப்பும் நெஞ்சு வலியும் ஒன்றல்ல

"நெஞ்சு கரிக்குதும்மா" என்றார் பாட்டி. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர் அவர். ஈப்போ மருத்துவரிடம் மொழிபெயர்த்தது நான். அவசரத்தில் "சாக்கிட் டாடா", அதாவது நெஞ்சு வலி, என்று சொல்லிவிட்டேன். மருத்துவர் உடனே இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். அவர் செய்தது சரி. தவறு என்னுடையது. சாப்பிட்ட பின் மேலே ஏறிவரும் எரிச்சலைத்தான் பாட்டி சொன்னார். மலாயில் அது "பெடிஹ் உலு ஹாத்தி".

இரத்த அழுத்தத்தையும் இனிப்பு நீரையும் அளக்கக் கருவி இருக்கிறது. நெஞ்சு கரிப்பு, வயிற்றுப் பொருமல், வயிற்று வலி ஆகியவற்றை அளக்கக் கருவி இல்லை. உள்ளே குழாய் விட்டுப் பார்த்தாலும் பலருக்கு எல்லாம் சாதாரணமாகவே தெரியும். நோயாளியின் வாய்ச்சொல்தான் அளவுகோல்.

புதிய மருந்தைச் சோதிக்கும்போதும் அப்படித்தான். ஐ.பி.எஸ். எனும் குடல் உபாதைக்கான மருந்து ஆய்வுகளுக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2012-இல் வழிகாட்டி வெளியிட்டது. கடந்த 24 மணி நேரத்தில் இருந்த மிக மோசமான வயிற்று வலிக்கு நோயாளி தினமும் 0 முதல் 10 வரை மதிப்பெண் தர வேண்டும். அதன் வாரச் சராசரி குறைந்தது 30 விழுக்காடு இறங்கினால்தான் வலி குறைந்ததாகக் கணக்கு. கேள்வியே புரியாதவர் தரும் மதிப்பெண்ணுக்கு என்ன மதிப்பு?

மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அஜீரணத்தை அளக்கும் 'லீட்ஸ்' வினாத்தாளை நம் நாட்டு நோயாளிகளிடம் சோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். பாராட்ட வேண்டிய பணி. ஆனால், சோதித்தது ஆங்கிலத்திலும் மலாயிலும். "எல்லாருக்கும்தான் மலாய் தெரியுமே" என்று சிலர் கேட்கலாம். சந்தையில் விலை பேசும் மலாய் வேறு. எரிச்சலையும் பொருமலையும் வலியையும் பிரித்துச் சொல்லும் மலாய் வேறு. தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய நம் தோட்டத்து மூத்தவர்களை மொழி காரணமாக ஆய்வுகளில் சேர்க்காமல் விட்டால், அந்த மருந்து அவர்களுக்குக் கேட்கிறதா என்பதை யாரும் கேட்காமலேயே போய்விடும்.

அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. இருவர் தனித்தனியே தமிழாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப மொழிபெயர்த்து ஒப்பிட வேண்டும். பிறகு நோயாளிகளிடமே காட்டி, என்ன புரிந்தது என்று கேட்க வேண்டும். 'வாயு' என்று பாட்டி சொல்வது ஏப்பமா, உப்புசமா, குத்தலா என்பது அப்போதுதான் தெரியும்.

மருத்துவம், மருந்தியல், தாதிமை படிக்கும் நண்பர்களே, இரண்டு மூன்று மொழி தெரிந்த நாம்தான் இதற்குப் பொருத்தமானவர்கள். இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் இதை எண்ணிப் பாருங்கள்.

மற்றவர்களுக்கும் வேலை இருக்கிறது. அடுத்த முறை தாத்தா பாட்டியோடு கிளினிக் போகும்போது, அவர்கள் சொல்வதைச் சுருக்காதீர்கள். எரிகிறதா வலிக்கிறதா, சாப்பிடும் முன்பா பின்பா, வாரத்தில் எத்தனை நாள் என்று முதலில் கேளுங்கள். பிறகு மொழிபெயருங்கள். நான் அன்று கேட்கவில்லை.