தறிக்குழியில் ஒரு துண்டுப் பாக்கு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளில் வெற்றிலைப் பெட்டி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். கோர்வைச் சேலை நெய்கிறவருக்குக் கண்ணும் கையும் காலும் ஒன்றாக ஓட வேண்டும். மதியச் சோறு உண்டு தறிக்குழியில் இறங்கினால் கண் சொக்கும். ஒரு பாக்கைக் கன்னத்தில் அடக்கினால் தெளிந்துவிடும் என்பார்கள். அவர்கள் சொல்வது நிஜம்.

பாக்கில் அரிகோலின் என்ற பொருள் இருக்கிறது. நரம்புகள் தமக்குள் சேதி சொல்லப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலினின் சாயல் அதற்கு. அதனால் அசிட்டைல்கோலினுக்காகவே அமைந்த மஸ்கரினிக் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு அவற்றை இயக்கிவிடுகிறது. எச்சில் ஊறுவதும், வியர்ப்பதும், விழிப்புத் தட்டுவதும் இதன் வேலை. நிகோடின் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளில் சிலவற்றையும் அரிகோலின் ஓரளவு தூண்டுகிறது என்று புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையே விட முடியாமல் தவிக்கிறவரை மன உறுதி இல்லாதவர் என்று ஏசுகிறோமே, அது அநியாயம். கேட்பது அவர் மூளை.

இதே அரிகோலினின் வடிவத்தை அடியொற்றி உருவான சானோமெலின், ட்ரோஸ்பியத்தோடு சேர்த்து, மனச்சிதைவு நோய்க்கான மருந்தாக 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பல பத்தாண்டுகளாக அந்த நோய்க்கான மருந்துகள் டோபமின் ஏற்பிகளைத்தான் குறிவைத்தன. இது மஸ்கரினிக் ஏற்பிகளின் வழியில் போகிறது. மூளைக்கு வெளியே வியர்வை, வாந்தி போன்ற தொல்லைகளைக் குறைக்கத்தான் ட்ரோஸ்பியம். வெறும் பாக்குதானே, என்ன செய்துவிடும் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். மூலக்கூறைத் திருத்தி, அளவு கட்டி, பலரிடம் சோதித்த பிறகே அது மருந்தாயிற்று.

கன்னத்தில் அடக்கும் பாக்குக்கு எந்த அளவும் இல்லை. புகையிலை கலக்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் திட்டவட்டமாக அறிவித்தது. கன்னத்தின் உட்தோல் நாராக இறுகி, வாயைத் திறக்கவே முடியாமல் போகிறவர்களும் உண்டு. காரக் குழம்பு பட்டால் எரியும். கொட்டாவி விடக்கூட முடியாது.

இந்த ஊரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த முதலமைச்சர் அண்ணா, 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோயால் மறைந்தார். புகையிலை போடும் பழக்கம் அவருக்கு இருந்தது. அவர் பெயரில்தான் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

தாம்பூலம் கோயில் தட்டிலும் சீர்வரிசையிலும் இருக்கட்டும். அதன் மரியாதை குறையப் போவதில்லை. கன்னத்தில் அடக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். பாக்கோடு புகையிலையும் போடுகிறவர் தனியாக விட முடியவில்லையா, 1800112356 என்ற கட்டணமில்லா எண் புகையிலைப் பழக்கத்தை விட உதவுகிறது. வாயில் வெள்ளைத் திட்டோ, ஆறாத புண்ணோ, திறக்கும்போது இறுக்கமோ தெரிந்தால், கையில் இருக்கும் சேலை முடியட்டும் என்று காத்திருக்காமல் காரப்பேட்டைக்குப் போய்க் காட்டுங்கள்.