கடல்மீன் தொட்டிப் பாசி: ஆறு யோசனைகளும் மறுப்பும்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது பாசித் தொல்லையைச் சொல்லிப் பாருங்கள். "கடல் கைக்கெட்டும் தூரத்தில்தானே இருக்கு, தண்ணியை மாத்துங்க, அதுக்கும் போகலேன்னா மருந்து ஊத்துங்க" என்பார்கள். பாசி எங்கிருந்தோ வந்து தொற்றிய நோய், கொன்றுவிட்டால் தீர்ந்தது என்ற நம்பிக்கை இந்தப் பேச்சுக்கு அடியில் இருக்கிறது.

அந்த நம்பிக்கை தவறு. பாசி வளர முக்கியமாக வேண்டியவை வெளிச்சமும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். வெளிச்சத்தை மீனைப் பார்க்கவும் அனிமோனை வளர்க்கவும் நாமே தருகிறோம். மற்ற இரண்டும் பெரும்பாலும் நாம் போடும் தீனியோடு வருகின்றன. தீனியாக உள்ளே போனது ஏதாவதொரு வழியில் வெளியே வந்தாக வேண்டும். வராமல் நின்ற மீதிதான் கண்ணாடியில் பச்சையாகப் படிகிறது. இந்த வரவு செலவைத் தொடாத எந்த யோசனையும் நிலைக்காது. ஊரில் புழங்கும் யோசனைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "பாசி மருந்து ஊற்றினால் போதும்"

கடையில் கிடைக்கும் பாசி மருந்துகள் பலவற்றில் இருப்பது செம்பு. ரப்பர் தோட்டத்தில் போர்டோ கலவைக்கு வாங்கும் துருசும் செம்புதான். அது பாசியைக் கொல்லும். கூடவே இறாலையும் நத்தையையும் அனிமோனையும் கொல்லும். தொட்டியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறை செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்னால் கொஞ்சங்கொஞ்சமாகக் கசிய விடும். அந்தத் தொட்டியில் பிறகு இறால் விடுவது பெரிய ஆபத்து.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. செத்த பாசி தொட்டியிலேயே அழுகுகிறது. அழுகும்போது ஆக்சிஜன் குறைந்து, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. பாசிக்குள் இருந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் திரும்பத் தண்ணீருக்கே வந்து அடுத்த பாசிக்குத் தீனியாகின்றன.

விதிவிலக்கு இருக்கிறது. இறகு போலக் கிளைக்கும் பிரையாப்சிஸ் பாசி, மனிதர்களுக்கான பூஞ்சை மருந்தான ஃபுளுகோனசோலுக்கு அடங்கும். அப்போதும் கையால் பிடுங்கக்கூடியதைப் பிடுங்கிய பிறகே மருந்து. மணலில் படரும் சிவப்புப் படலமோ பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. அதற்கு எரித்ரோமைசின் போடுகிறவர்கள், தொட்டியைத் தாங்கி நிற்கும் நல்ல பாக்டீரியாவையும் பணயம் வைக்கிறார்கள்.

2. "மூன்று நாள் விளக்கை அணைத்துப் போர்த்திவிடு"

சிவப்புப் படலமும் டைனோபிளாஜெல்லேட் சளியும் இருட்டில் ஓரளவு அடங்குவது உண்மை. முடிப்பாசி அடங்காது, வெளுத்து, அடிப்பகுதி ஒட்டியபடியே நின்று, விளக்கு எரிந்ததும் துளிர்க்கும். தொட்டியின் மேல் சன்னல் வெயில் விழுந்தால் அதை நிறுத்துங்கள், விளக்கை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். இருட்டிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

3. "கடல்நீரை விடச் சுத்தமான நீர் எது?"

குமரி மாவட்டத்துக்காரர்களின் தனி நம்பிக்கை இது. எந்தக் கடல், எந்த மாதம் என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தியாவின் தென்மேற்குக் கரையை ஒட்டி ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே கிளம்பி வருகிறது. அது கிளம்பத் தொடங்கும் இடமே குமரிமுனைப் பக்கம்தான். அந்த நீரில் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் மூன்றும் மிகுதி. மீன்பாடு சிறக்கக் காரணமும் இந்தச் செழிப்புதான். மீனவருக்கு வரமான அதே நீர் உங்கள் தொட்டியில் உரம். ஆனி, ஆடியில் பிடித்துவந்த நீரை ஊற்றியபின் கண்ணாடியில் பழுப்புப் படலம் படிந்தால் வியப்பில்லை. அது சிலிக்கேட்டைத் தின்று வளரும் டயட்டம்.

அடுத்தது பொழிமுகம். நாஞ்சில் நாட்டு வயல்களின் உரமும் நாகர்கோவிலின் கழிவும் பழையாற்றோடு மணக்குடியில் கடலுக்குப் போகின்றன. குழித்துறையாறு தேங்காப்பட்டணத்தில் சேர்கிறது. மழைக்குப் பிறகு இந்த இடங்களில் கேன் நிரப்புவது வாய்க்கால் நீரை நிரப்புவதற்குச் சமம்.

கடல்நீரே வேண்டுமென்றால் மாசி, பங்குனியில் கடல் தெளிந்த நாளில், சின்னமுட்டத்திலிருந்தோ முட்டத்திலிருந்தோ போகும் வள்ளக்காரரிடம் சொல்லிக் கரையிலிருந்து தள்ளி எடுத்துவரச் செய்யுங்கள். வடிகட்டி, இருட்டில் வைத்து, சோதித்துப் பார்த்துப் பயன்படுத்துங்கள். குளோரின் போட்டாலும் அது கிருமியைத்தான் கொல்லும், நைட்ரேட்டை எடுக்காது. கடல்நீர் வேண்டாமென்றால் ஆர்.ஓ. நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் தொட்டிக்கான செயற்கைக் கடலுப்பைக் கரைப்பது நல்லது. புத்தளம் உப்பளத்து உப்பு இதற்கு உதவாது: அளத்தில் உப்பு படியும்போது மக்னீசியம் முதலானவை கசப்பு நீரோடு போய்விடுகின்றன.

நல்ல நீராகவே இருக்கட்டும், மாற்றினால் எவ்வளவு குறையும்? நைட்ரேட் 40 இருக்கும் தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கை மாற்றினால் 32 ஆகும். புதிய நீரிலேயே 10 இருந்தால் 34-க்குக் கீழே இறங்காது. பாறையில் ஊறிய பாஸ்பேட்டும் மெல்லக் கசிந்து பழைய அளவுக்கே ஏற்றும். தினமும் ஆவியாகும் நீருக்கு ஈடாக போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆவியில் தண்ணீர் மட்டுமே போகிறது. அதிலிருந்த உப்பும் உரமும் தொட்டியில் தங்கிச் சேர்கின்றன.

4. "மணலும் பாறையும் கடற்கரையிலேயே கிடைக்கும்"

மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணலில் இல்மனைட், கார்னெட், சிர்க்கான், மோனசைட் கலந்திருக்கின்றன. மோனசைட் தோரியம் கலந்த பாஸ்பேட் கனிமம். பாஸ்பேட் என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம், அது நீரில் எளிதில் கரையாது. கதிரியக்கம் உள்ள, அரசு தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் அணுக்கனிமத்தை வீட்டுக்கு அள்ளிவர வேண்டாம் என்பதே போதிய காரணம். இல்மனைட் துகள்கள் வலுவான காந்தத்தில் ஒட்டும். காந்தத் துடைப்பானால் பாசியைத் தேய்த்தால் கண்ணாடி முழுக்கக் கீறல் விழும்.

பாறையோடு காலர்ப்பா, வலோனியா போன்ற பாசிகள் ஒட்டிக்கொண்டு வரும். பவளப்பாறைத் துண்டு என்றால் சட்டச் சிக்கலும் சேரும். கல்பவளங்கள் 2001 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுபவை.

5. "பாசி தின்னும் உயிரை விடு"

நத்தையும் சர்ஜன் மீனும் பாசியைத் தின்னும், மறுப்பில்லை. தின்றதில் பெரும்பங்கு எச்சமாகத் தொட்டிக்கே திரும்பி வருகிறது. மேய்ச்சல் பாசியைக் குட்டையாக வைக்கும், உரத்தை வெளியேற்றாது. வெளிநாட்டுப் புத்தகங்கள் மணலைச் சுத்தம் செய்யக் கடல் அட்டையைச் சொல்லும். இந்தியாவில் அதுவும் 2001-இல் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. தொட்டிக்காகப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

6. "நைட்ரேட், பாஸ்பேட்டைப் பூஜ்யமாக்கு"

படித்தவர்கள் சொல்லும் யோசனை இது. அரைகுறையாகச் சரி என்பதால்தான் ஆபத்து. முதலில், பாசி நிறைந்த தொட்டியில் சோதனைக் குப்பி பூஜ்யம் காட்டுவது வழக்கம். உரத்தைப் பாசி உடனுக்குடன் உறிஞ்சிவிடுவதால் அளக்கத் தண்ணீரில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. இரண்டாவது, உண்மையாகவே பூஜ்யமானால் அனிமோன் மெலியும். போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் டைனோபிளாஜெல்லேட் சளி படரும். அது முடிப்பாசியைவிடக் கொடியது. அதன் சில வகைகளில் நத்தைகளைக் கொல்லும் நஞ்சு உள்ளது. கடல் நுண்ணுயிர்களில் 16 நைட்ரஜனுக்கு 1 பாஸ்பரஸ் என்ற விகிதம் இருப்பதைக் கடலியல் அறிஞர் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு எடுத்துக்காட்டினார். இரண்டில் ஒன்றை மட்டும் பூஜ்யத்துக்குத் தள்ளினால் சமன் குலையும். குறைவாக இருக்கட்டும், இல்லாமல் போக வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்வது?

முதலில் வரவைக் குறையுங்கள். சாளையை அரைத்து அப்படியே போடும் பழக்கம் இங்கே உண்டு. அந்தச் சாறும் எண்ணெயும் மீன் வாய்க்குப் போகாமல் நேரே பாசிக்குப் போகின்றன. துண்டாக நறுக்கி, அலசி, ஓரிரு நிமிடத்தில் தின்று தீரும் அளவு மட்டும் போடுங்கள்.

பிறகு செலவைக் கூட்டுங்கள். பாசியைக் கையால் பிடுங்கி, பல்துலக்கியால் தேய்த்து, குழாய் வைத்து உறிஞ்சி வெளியே எடுங்கள். வாளிக்குள் வந்த பாசியோடு அது தின்ற உரமும் போய்விடுகிறது. எந்த மருந்தும் இதைச் செய்யாது. ஸ்கிம்மர், கழிவு அழுகுவதற்கு முன்பே நுரையாக வெளியேற்றும். பக்கத்தில் ஒரு சிறு தொட்டியில் விளக்குப் போட்டுக் கீட்டோமார்பா பாசியை வளர்த்து அவ்வப்போது அறுத்தெடுப்பது இன்னொரு வழி. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஏடி தன் பவளத்தொட்டிகளை இப்படித்தான், வலையில் பாசி வளர்த்துச் சுரண்டி எடுத்துத் தூய்மையாக வைத்தார். பாசியை ஒழிக்கப் பாசியையே வேலைக்கு வைத்தார் அவர். பலன் தெரிய வாரங்கள் ஆகும், சில தொட்டிகளில் மாதங்கள்.

எடுத்த பாசியை "கடலிலிருந்து வந்தது கடலுக்கே" என்று கடலில் வீசாதீர்கள். 1984-இல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்தின் அடியில் ஒரு சதுர மீட்டர் அளவே தென்பட்ட காலர்ப்பா டாக்சிஃபோலியா பிறகு மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியது. கலிஃபோர்னியாவில் 2000-இல் கண்டுபிடித்த அதே பாசியை ஒழித்துவிட்டதாக அறிவிக்க 2006 ஆயிற்று. நம் மன்னார் வளைகுடாவில் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த காப்பாஃபைகஸ், குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் படர்ந்தது 2008-இல் பதிவாயிற்று. ஆகவே எடுத்த பாசியை வெயிலில் நன்றாகக் காயவைத்துத் தென்னை மூட்டில் போடுங்கள். தொட்டி நீரைக் கடலிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள்.