மிதிவண்டியை விற்றுவிடாதீர்கள்

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய ஒருவரை அவருடைய மனைவி முதல் மறுபரிசோதனைக்கு அழைத்து வந்திருந்தார். மாத்திரைகள், உப்பு, தூக்கம் என எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி முடித்தபின், "சைக்கிளையும் எடைக்குப் போட்டுட்டோம் டாக்டர். இனிமே அந்தப் பயம் இல்ல" என்றார். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருமழிசையிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த வண்டியில்தான் வேலைக்குச் சென்று வந்தவர் அவர். ஓய்வு பெற்றதும் நண்பர்களோடு ஏலகிரி மலைவரை மிதிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம் என்பது பிறகு தெரிந்தது.

அந்த அம்மையாரை நாங்கள் குறை கூறவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே ஓர் இரவைக் கழித்த எவருக்கும் அந்த அச்சம் வரும். ஆயினும் இவ்வகை முடிவுகளைப் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி காண்கிறோம் என்பதால், எங்கள் கருத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். நோய் வந்தவுடன் வீட்டு மிதிவண்டியை விற்பது பெரும்பாலோருக்குத் தேவையற்றது, சிலருக்குத் தீங்கானது.

சென்னையின் மேற்குப் புறநகர் மிதிவண்டிக்கு அயலூர் அன்று. 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் அம்பத்தூரில் உருவாகித்தான் நாடெங்கும் சென்றன. ஆவடியிலும் அம்பத்தூரிலும் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால் சாலை முழுவதும் சைக்கிள் மணியோசையாக இருந்த காலத்தை நம் மூத்த நோயாளிகள் பலர் நேரில் கண்டவர்கள். இன்று அவர்களே, "இந்த வயசுல சைக்கிள்ல போனா நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்று கேட்கிறார்கள். இந்தக் கூச்சத்துக்கு எங்களிடம் மருந்தில்லை.

சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் ஓர் ஆய்வைச் சொல்லலாம். மேற்கு ஐரோப்பாவின் பத்து நாடுகளில் சர்க்கரை நோயுள்ள ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் கவனித்து, 2021-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். மிதிவண்டி ஓட்டியவர்களிடையே இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. நடுவில் புதிதாக ஓட்டத் தொடங்கியவர்களிடமும் அதே நிலை காணப்பட்டது. உடல்நலம் சற்று நன்றாக இருப்பவர்கள்தாம் வண்டியில் ஏறுகிறார்கள் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதைக் கழித்துப் பார்த்தாலும் இது புறக்கணிக்கத்தக்க செய்தி அன்று.

எங்கே ஓட்டுவது? செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்தையே நாங்கள் முதலில் சொல்வோம். திருமழிசையிலிருந்து தெற்கே நான்கைந்து கிலோமீட்டர்தான். ஏற்ற இறக்கம் இல்லாத நிலம். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் 24 அடி ஆழ ஏரி நிறைந்து நிற்கும்போது, கடலைப் பார்ப்பது போன்ற காட்சி. கரைமேல் ஏற வேண்டியதில்லை. அருகிலுள்ள ஊர்ச்சாலைகளே போதும். தார்ச்சாலையில் மெல்ல மிதித்தால் விரைவாக நடப்பதைவிட மூச்சு அதிகம் வாங்காது. உடன் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் வேகம் மிகுதி என்று பொருள். நாடித்துடிப்பை எண்ணுவதைவிட இதுவே நல்லது. மெட்டோபுரோலால், பைசோபுரோலால் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கு உடல் களைத்தாலும் துடிப்பு அதற்கேற்ப உயராது. கையில் கட்டிய கருவி காட்டும் எண்ணை நம்பி ஏமாறக் கூடாது.

காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். மே, ஜூன் மாதக் காலைகளில் இப்பகுதியில் மேற்குக் காற்று வீசும். மேற்கு நோக்கிப் புறப்பட்டால் போகும்போது சிரமம், வரும்போது எளிது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்துவிட்டால் நிலை தலைகீழாகும். மார்கழியிலோ பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசுவதால், களைத்துத் திரும்பும் வழியில் எதிர்க்காற்று காத்திருக்கும். இதைக் கவனிக்காமல், "போகும்போது நல்லாத்தான் இருந்தேன்" என்று சோர்ந்து வருபவர்கள் உண்டு.

ஏரிக்குப் போகும் வழியில் உண்மையான இடர் ஏரியிலோ இதயத்திலோ இல்லை. பெங்களூரு நெடுஞ்சாலையைக் கடக்கும் அந்தச் சில மீட்டர்களில் இருக்கிறது. கொள்கலன் லாரிகளுக்கும் நிறுவனப் பேருந்துகளுக்கும் இடையே மிதிவண்டிக்கென்று ஒரு கோடுகூட இல்லை. உடற்பயிற்சி செய்யுங்கள் என்று மருத்துவர்கள் சொல்லிவிடுகிறோம். எந்தச் சாலையில் என்று சொல்வதில்லை. எங்களையும் சேர்த்தே இதைச் சொல்கிறோம். வண்டியிலிருந்து இறங்கி, சிக்னல் உள்ள இடத்தில் தள்ளிக்கொண்டு கடப்பதில் எந்த இழுக்கும் இல்லை. அணுகுசாலையில் எதிர்த்திசையில் வருவோரை எதிர்பார்த்தே ஓட்டுங்கள்.

ஏரிவரை சில வாரங்கள் சிரமமின்றிச் சென்று வந்தவர்கள் பூண்டியை எண்ணிப் பார்க்கலாம். திருமழிசையிலிருந்து வெள்ளவேடு, திருவள்ளூர் வழியாக முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். திருவள்ளூர்வரை போக்குவரத்து மிகுதி. அதுவரை வண்டியை வாகனத்தில் ஏற்றிச் சென்று, அங்கிருந்து மிதிப்பது அறிவுடைமை. கொசத்தலையாற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கம், சென்னை மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பால் அல்லிக்குழி மலைத்தொடர் தாழ்வாகத் தெரியும். அதன் அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-இல் இராபர்ட் புரூஸ் பூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவற்றுள் மிகப் பழையவை ஏறத்தாழ பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை எனப் பின்னாளைய ஆய்வு காட்டியது. ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம் ஆன ஒருவர் அங்கே நின்று தம் வயதை நினைத்துச் சிரித்தாராம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பற்றி எங்கள் கருத்து அவ்வளவு உற்சாகமானது அன்று. முட்டுக்காடு முகத்துவாரமும் கோவளத்துக் கடலும் அழகுதான். விடுமுறை நாள் விடியலில் மாமல்லபுரம் நோக்கி மிதிப்பவர்களும் பலர். ஆனால் அதே நேரத்தில் அதே சாலையில் விரையும் கார்களும் பல. குருதி உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள் அங்கே தனியே செல்வதை நாங்கள் விரும்பவில்லை.

இனி ஏலகிரி. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்களின், வள்ளல்களின் பெயர்கள். உச்சி ஆயிரம் மீட்டருக்கு மேல். மலைச்சாலை சமவெளியிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று கொள்வோம். மணிக்கு பத்து கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் செல்லத் தேவைப்படும் ஆற்றலைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு, நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் சாலையில் அதே வேகத்துக்குத் தேவைப்படும். சிறிய கியரும் குறைந்த வேகமும் இதைப் பாதியாக்கலாம், நீக்க முடியாது. ஆகவே மலை என்பது நெடுந்தொலைவின் நீட்சி அன்று, வேறொரு வகை உழைப்பு. டிரெட்மில் பரிசோதனை செய்து, இதய மருத்துவர் இசைவு தந்த பிறகே அதை நினைக்க வேண்டும். நம் பகுதியில் பழகிப் பார்க்க மலை ஏது என்று கேட்பீர்கள். போக்குவரத்து குறைந்த ஞாயிறு விடியற்காலையில் ஒரு மேம்பாலம் போதும். இறக்கமும் எளிதன்று, வளைவுக்கு வளைவு பிரேக்கை இறுக்கிப் பிடிக்கக் கைவலிமை வேண்டும்.

பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களின் மார்பெலும்பு கூடப் பொதுவாக மூன்று மாத அளவு ஆகும். அதுவரை சாலையில் மிதிவண்டி கூடாது. மருத்துவர் இசைந்தால், நின்ற இடத்திலேயே மிதிக்கும் பயிற்சி வண்டியில் நிமிர்ந்து அமர்ந்து மிதிக்கலாம். வலிப்பு நோய் கட்டுப்படாதவர்களுக்கு எங்கள் பதில் "வேண்டாம்" என்பதுதான். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் சர்க்கரை வைத்திருக்க வேண்டும். சர்க்கரை அளவு மிதிக்கும்போது மட்டுமன்றி அன்றிரவும் தாழக்கூடும். காலில் உணர்வு குறைந்தவர்கள் செருப்பை விட்டு ஷூ அணிந்து, வீடு திரும்பியதும் பாதங்களைப் பார்க்க வேண்டும். கிளோபிடோகிரல், வார்ஃபரின் போன்றவற்றை உட்கொள்பவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம். விழுந்து தலையில் அடிபட்டால், ஒன்றும் தெரியவில்லை என்றாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

உடனிருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கும் ஒரு சொல். உங்களில் பலர் பள்ளியில் அரசு தந்த மிதிவண்டியில் பன்னிரண்டாம் வகுப்புவரை சென்றவர்கள். தந்தையின் பின்னால் அதேபோல ஒரு வண்டியில் நீங்களும் ஏரிவரை செல்லலாம். மாதக்கணக்கில் இன்னொருவரின் மருந்து நேரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் உடலுக்கும் அது தேவைப்படுகிறது.

முதற்பத்தியில் கூறிய அந்தக் கணவர் சென்ற மாதம் பழைய வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறார். மனைவி இன்னும் முழுமனதோடு இல்லை. இருவரையும் அமர வைத்து, ஒரு தாளில் வழியை வரையச் சொன்னோம்: எந்தத் தெருவில் புறப்படுவது, நெடுஞ்சாலையை எங்கே கடப்பது, நிழல் எங்கே, எந்த இடத்தில் திரும்புவது. திரும்பும் இடத்தை அந்த அம்மையார்தான் குறித்தார். கணவர் கேட்டதைவிட ஒரு கிலோமீட்டர் குறைவு. அவர் ஒப்புக்கொண்டார்.