மன்னிப்பின் இலக்கணம்

“நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை.” பெண்ணியக் கருத்தரங்குகளில் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. ‘நீங்கள் பேசியதில் சாதி இருக்கிறது, அது என்னைக் காயப்படுத்துகிறது’ என்று ஒரு தலித் பெண் எழுந்து சொன்னதும் மேடையிலிருந்து வரும் பதில். பிறகு சான்றிதழ்கள்: எத்தனை போராட்டங்களில் நின்றேன், அம்பேத்கரையும் பெரியாரையும் எத்தனை ஆண்டுகளாகப் படிக்கிறேன். கடைசியில் கண்ணீர். காயம்பட்டவளே காயப்படுத்தியவரைத் தேற்ற வேண்டியதாகிவிடுகிறது.

இதே நாம் ஆண்களிடம் என்ன கேட்டோம்? குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக ராஜஸ்தானில் 1992இல் கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார், குயவர் சமூகத்தைச் சேர்ந்த பன்வாரி தேவி. குற்றம்சாட்டப்பட்ட ஆதிக்கசாதி ஆண்களை வல்லுறவுக் குற்றச்சாட்டிலிருந்து 1995இல் நீதிமன்றம் விடுவித்தது. அந்த அநீதியின் பின்னணியில் பிறந்ததுதான் உச்ச நீதிமன்றத்தின் 1997 விசாகா தீர்ப்பு. அதன் தொடர்ச்சி, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டிலும் வரையறையின் மையம் ‘விரும்பத்தகாத’ என்ற சொல். செய்தவன் என்ன நினைத்தான் என்பதல்ல, அவள் அதை விரும்பினாளா என்பதே கேள்வி. ‘விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்ற அதிகாரியின் வாயை இந்தச் சொல்லை வைத்துத்தான் அடைத்தோம். பிறப்பிலேயே சாதியின் வடு உள்ள அந்த அளவுகோல், சாதியைப் பற்றிய பேச்சு வந்ததும் எங்கே போகிறது?

இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் மன்னிப்புகளின் இலக்கணம் என் கண்ணில் படுகிறது. ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’: நிபந்தனை எச்சம் காயத்தையே சந்தேகத்தில் நிறுத்துகிறது. ‘தவறு நேர்ந்துவிட்டது’: இங்கே தவறுதான் எழுவாய்; செய்தவர் வாக்கியத்திலேயே இல்லை.

‘அப்படியானால் சொல்லப்படும் எல்லாக் குற்றச்சாட்டும் சரியா?’ என்பீர்கள். இல்லை. ஆனால் யோசித்துவிட்டு மறுப்பது வேறு, கேட்டு முடிக்கும் முன்பே மறுப்பது வேறு. இரண்டாவது, அதிகாரத்தின் பழக்கம்.

தோழியரே, அந்த நேரத்தில் நெஞ்சு படபடக்கும், படபடக்கட்டும். அவர் பேசி முடிக்கட்டும். உங்கள் நல்லெண்ணத்தை எடுத்து வைக்காதீர்கள். அதை யாரும் கேட்கவில்லை. ‘நான் சொன்னேன், அது உங்களைக் காயப்படுத்தியது’ என்று எழுவாயோடு சொல்லுங்கள். ‘ஆனால்’ வேண்டாம். அச்சில் இருப்பதைத் திருத்துங்கள். அடுத்த கூட்டத்தில் அவரை மேடையில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் கீழே அமர்ந்து கேளுங்கள். மன்னித்துவிட்டாரா என்று மட்டும் அவரிடம் போய்க் கேட்காதீர்கள்.