இரண்டு விசைப்பலகைகள்

கரோல்பாகிலிருந்து ஓர் அம்மையார் கேட்டிருக்கிறார்: "என் மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளியில் கணினியில் ஹிந்தி தட்டச்சுப் பழகிவிட்டாள். ஊரிலிருக்கும் தாத்தாவுக்குத் தமிழில் கடிதம் எழுத ஆசைப்படுகிறாள். ஆனால் கைக்கு வருவதோ ஆங்கில எழுத்தில் தமிழ்தான். அவளுக்கு எந்த விசைப்பலகையைப் பழக்குவது?" தலைநகரில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றிலும் எழக்கூடிய கேள்வி இது. ஆகையால் சற்று விரிவாகவே விடை கூறுகிறேன்.

கணினியில் தமிழ் எழுதுவதற்கு அரசாங்க முத்திரை பெற்ற முறைகள் முக்கியமாக இரண்டு. ஒன்று டில்லியின் குழந்தை. மற்றது சென்னையின் குழந்தை. முன்னதன் பெயர் இன்ஸ்கிரிப்ட். 1986-இல் மத்திய அரசின் மின்னணுவியல் துறை வகுத்த இம்முறையை, பகதூர்ஷா ஜாபர் மார்க்கில் மானக் பவனில் இயங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991-இல் தன் தர ஆவணத்தில் சேர்த்துக்கொண்டது. பின்னதன் பெயர் தமிழ்99. சென்னையில் 1999-இல் கூடிய தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது, ஆண்டே பெயராயிற்று.

இன்ஸ்கிரிப்டின் அடிப்படை எளியது. இந்திய மொழிகள் பலவற்றிலும் ஒரே ஒலிக்கு ஒரே விசை. ஆங்கில 'கே' உள்ள விசை ஹிந்தியிலும் ககரம், தமிழிலும் ககரம். 'ஹெச்' பகரம், 'எல்' தகரம், 'சி' மகரம். ஹிந்தி தட்டத் தெரிந்த விரலுக்குத் தமிழ் பாதி தெரிந்தது போலத்தான். ஆனால் இந்த ஒற்றுமைக்குத் தமிழ் ஒரு விலை கொடுக்கிறது. வர்க்க எழுத்துக்களுக்கென ஒதுக்கிய விசைகள் சில தமிழில் வெறுமனே கிடக்கின்றன. தமிழுக்கு உயிரான ழ, ள, ற, ன, ண ஆகியவையோ ஷிப்டு விசையை அழுத்தினால்தான் வருகின்றன. 'என்றான்' என்று எழுதிப் பாருங்கள்: ஏழு தட்டுதல், அவற்றுள் நான்கு ஷிப்டோடு. கதை எழுதுபவருக்கு 'என்றான்' எத்தனை முறை வரும்!

தமிழ்99 தமிழை மட்டுமே மனத்திற்கொண்டு அமைந்தது. உயிரெழுத்துக்கள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. க, ப, ம, த, ந, ய ஆறும் நடுவரிசையில் வலக்கை விரல்களுக்கடியிலேயே இருக்கின்றன. தமிழெழுத்து எதற்கும் ஷிப்டு வேண்டாம்; வடமொழி எழுத்துக்கள் மட்டுமே அங்கே ஒதுங்கியிருக்கின்றன. இதனினும் அழகு அதன் புள்ளி விதி. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ங்க, ஞ்ச, ந்த, ண்ட, ம்ப, ன்ற என்னும் இணைகளிலும் அப்படியே. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டுதல், இன்ஸ்கிரிப்டில் ஐந்து. 'என்றான்' ஆறில் முடிந்துவிடுகிறது, ஷிப்டே இல்லாமல். 'மமதை' போல இரண்டு மகரமும் புள்ளியின்றி நிற்க வேண்டுமானால் இடையில் அகரத்தைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். நம் இலக்கண ஆசிரியர்கள் மெய்ம்மயக்கம் என்று சொல்லிக்கொடுத்தது இயந்திரத்துக்கும் புரிந்திருக்கிறது என்பதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி.

பழைய தட்டச்சுப் பொறியில் பழகிய பெரியவர்களுக்கு இரண்டிலும் ஒரு தடுமாற்றம் உண்டு. அங்கே 'கெ' எழுதக் கொம்பை முதலில் தட்டினோம். இங்கே ககரம் முன்னே, எகரம் பின்னே. கொம்பு தானாகவே இடப்புறம் போய் நிற்கும்.

ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துத் தட்டும் மூன்றாவது வழி விரைவானதுதான். ஆனால் டில்லியில் வளரும் குழந்தைக்கு அதை நான் சிபாரிசு செய்வதில்லை. ல, ள, ழ வேறுபாடு தெருவில் அதன் காதில் விழுவதில்லை. பள்ளியிலும் பெரும்பாலோருக்குத் தமிழ் கிடையாது. எந்த ழகரம் என்று குழந்தை தீர்மானிப்பதற்குள் கணினியே ஊகித்துச் சொல்லை நீட்டிவிடுகிறது. மேற்கூறிய இரு பலகைகளிலோ மூன்றையும் வெவ்வேறாகத் தட்ட வேண்டும். விரல் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

இனி அம்மையாரின் மகளுக்கு வருவோம். அவளுக்கு இன்ஸ்கிரிப்டே தகும் என்பது என் அபிப்பிராயம். சென்னை நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். தமிழ்99 மேலானது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும் கடிதம் எழுத வேண்டியவள் இந்தக் குழந்தை. பழகிய விரலோடு தொடங்கினால் முதற்கடிதம் விரைவிலேயே போய்ச் சேரும்; முற்றிலும் புதிய பலகையென்றால் பாதியில் சலித்து மறுபடி ஆங்கில எழுத்துக்கே திரும்பிவிடக்கூடும். ஒன்றை மட்டும் முதலில் சோதித்துக்கொள்க. ஹிந்தியில் அவள் கற்றது ரெமிங்டன் முறையாகவும் இருக்கலாம். 'கே' விசையைத் தட்டச் சொல்லுங்கள். ஹிந்தி ககரம் வந்தால் இன்ஸ்கிரிப்ட். ஆகாரக் கால் வந்தால் ரெமிங்டன். அப்படியானால் என் வாதம் செல்லாது, நேரே தமிழ்99 பழகட்டும்.

ஹிந்தி தட்டச்சு அறியாத தாய்மார்களும், சங்க மலருக்குக் கட்டுரை எழுதும் அன்பர்களும் தமிழ்99-ஐயே கைக்கொள்க. விண்டோஸ் கணினியின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் இரண்டு பலகைகளுமே கிடைக்கும். விண்டோஸ் விசையையும் இடைவெளிப் பட்டையையும் ஒருசேர அழுத்தி ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம். பலகையின் படத்தை அச்சிட்டுக் கணினித் திரையருகே ஒட்டிவையுங்கள். விசைகளைக் குனிந்து பார்க்கும் வழக்கம் தொற்றாதிருக்க அதுவே நல்ல வழி.